உப்புப் பாத்தியிலிருந்து தனிம வரிசை அட்டவணைக்கு: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

தனிம வரிசை அட்டவணையை நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது வகுப்பறைச் சுவரில் தொங்கும் படமாகத்தான். 118 கட்டங்களும், ஒவ்வொரு கட்டத்திலும் சில எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்தப் படத்தை, முதல் இருபது பெயர்களையாவது ஒப்பித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு நாம் அணுகுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். பெயர்களைப் பிழையின்றிச் சொல்ல முடிந்தது. சோடியத்துக்குக் கீழே பொட்டாசியம் ஏன் இருக்கிறது என்று கேட்டிருந்தால் மட்டும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அட்டவணையைக் கற்க நல்ல வழி, அதை நம் கையாலேயே ஒரு முறை அடுக்கிப் பார்ப்பதுதான் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது. அடுக்குவதற்குத் தேவையான பொருள்களில் பலவும் இராமநாதபுரம் கடற்கரையில் நம் காலடியிலேயே கிடக்கின்றன. வாலிநோக்கத்து உப்பளத்திலும், மண்டபத்துப் பாசி வளர்ப்பு மிதவையிலும், கரையில் ஒதுங்கும் சிப்பியிலும் இருக்கும் தனிமங்களைக் கொண்டே அட்டவணையின் முக்கியமான மூன்று குடும்பங்களை அறிந்துகொள்ள முடியும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோரையும், படிப்பை விட்டு நீண்ட நாளான பின் மீண்டும் தொடங்குவோரையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதற்குத் தேவைப்படுபவை ஒரு பேனா, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு கைப்பிடிக் கல்லுப்பு, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கத்தில் வெட்டிய 29 அட்டைகள் ஆகியவை மட்டுமே. மூன்று மாலை நேரங்களை ஒதுக்கினால் போதும். அவசரப்பட்டு ஒரே நாளில் முடிக்க வேண்டாம்.

முதல் படி: அட்டைகளை எழுதுதல்

ஒவ்வோர் அட்டையிலும் ஒரு தனிமத்தின் பெயரையும் அதன் அணு நிறையையும் எழுதுங்கள். ஹைட்ரஜன் 1.0, லித்தியம் 6.9, பெரிலியம் 9.0, போரான் 10.8, கார்பன் 12.0, நைட்ரஜன் 14.0, ஆக்சிஜன் 16.0, ஃபுளூரின் 19.0, சோடியம் 23.0, மெக்னீசியம் 24.3, அலுமினியம் 27.0, சிலிக்கான் 28.1, பாஸ்பரஸ் 31.0, கந்தகம் 32.1, குளோரின் 35.5, பொட்டாசியம் 39.1, கால்சியம் 40.1, ஆர்சனிக் 74.9, செலினியம் 79.0, புரோமின் 79.9, ரூபிடியம் 85.5, ஸ்ட்ரான்சியம் 87.6, இண்டியம் 114.8, வெள்ளீயம் 118.7, ஆண்டிமனி 121.8, அயோடின் 126.9, டெலூரியம் 127.6, சீசியம் 132.9, பேரியம் 137.3. இந்த 29 பெயர்களில் ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 1869இல் அவற்றைத் தனிமங்களாகப் பிரித்தெடுத்தவர் எவரும் இல்லை. அன்றைய வேதியியலாளர்கள் எதை அறிந்திருந்தார்களோ, ஏறத்தாழ அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதே நம் நோக்கம்.

பெயருக்குக் கீழே இணைதிறனையும், அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண்ணையும், குறித்துக்கொள்ளுங்கள். லித்தியம் முதல் ஃபுளூரின் வரை அது 1, 2, 3, 4, 3, 2, 1 என்று கடலின் ஏற்றவற்றம்போல உயர்ந்து தாழ்கிறது. சோடியம் முதல் குளோரின் வரையிலும் அதே முறைதான். கூடவே, ஆக்சிஜனுடன் சேரும்போது காட்டும் உச்ச இணைதிறனையும் எழுதுங்கள். அலுமினியத்துக்கு 3, சிலிக்கானுக்கு 4, பாஸ்பரஸுக்கு 5, கந்தகத்துக்கு 6, குளோரினுக்கு 7. ஆர்சனிக்குக்கு 5 என்பதையும் செலினியத்துக்கு 6 என்பதையும் மறக்காமல் குறியுங்கள், பின்னால் இந்த இரண்டு எண்களே நமக்கு வழிகாட்டும். தமிழில் படிப்போருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பொட்டாசியத்தின் குறியீடு வந்த இலத்தீன் பெயரும், 31ஆம் தனிமத்தின் பெயரும் தமிழ் எழுத்தில் ‘காலியம்’ என்றே வந்து நிற்கும். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். இந்தக் கட்டுரையில் காலியம் என்பது 31ஆம் தனிமத்தையே குறிக்கும்.

இரண்டாம் படி: கடலிலிருந்து மூன்று குடும்பங்கள்

எல்லா அட்டைகளையும் உடனே அடுக்கத் தொடங்காதீர்கள். குளோரின், புரோமின், அயோடின் ஆகிய மூன்றை மட்டும் தனியே எடுங்கள். ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவில் உள்ளன. புரோமைடு 0.07 கிராமுக்கும் குறைவு, அயோடின் அதனினும் ஆயிரம் மடங்கு குறைவு. ஆகவே கடல் நீரைக் காய்ச்சினால் கண்ணுக்குத் தெரிவது சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு. புரோமின், உப்பை வாரிய பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் ஒளிந்திருக்கிறது. பிரான்சின் மோன்பெலியே நகரத்தருகே இருந்த உப்பளக் கசப்பு நீருக்குள் குளோரினைச் செலுத்தித்தான் 1826இல் அந்துவான் பலார் என்ற இளைஞர் செம்பழுப்பு நிறத் திரவமாகப் புரோமினைக் கண்டறிந்தார். அதற்கு முன்பே, 1811இல், பெர்னார் குர்த்துவா கடற்பாசிச் சாம்பலோடு கந்தக அமிலம் சேர்ந்தபோது எழுந்த ஊதா நிற ஆவியில் அயோடினைக் கண்டிருந்தார். உப்பளமும் பாசியும் நம் கரையிலும் உள்ளவை. இந்தக் கண்டுபிடிப்புகளை அயலூர்க் கதைகளாக என்னால் படிக்க முடிவதில்லை.

இப்போது குளோரின், அயோடின் அட்டைகளின் அணு நிறைகளைக் கூட்டி இரண்டால் வகுங்கள். 35.5ஐயும் 126.9ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 81.2 வரும். நடுவில் இருக்கும் புரோமினின் நிறை 79.9. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் எடுத்தால் சராசரி 23.0, சோடியத்தின் நிறையும் 23.0. கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றில் சராசரி 88.7, ஸ்ட்ரான்சியத்தின் நிறை 87.6. இந்த ஒழுங்கைக் கவனித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் தோபெரைனர், 1829இல் இத்தகைய மும்மைகளை அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். எண்களோடு நின்றுவிடாமல் குணங்களையும் ஒப்பிடுங்கள். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை வாயு, மைனஸ் 34 டிகிரி செல்சியசில் கொதிப்பது. புரோமின் 59 டிகிரியில் கொதிக்கும் திரவம். அயோடின் கருமை மிளிரும் திண்மம், 184 டிகிரியில் கொதிப்பது. நடுவில் இருப்பது நிறையில் மட்டுமன்றி நடத்தையிலும் நடுவில் இருக்கிறது. பலார் குளோரினைச் செலுத்தியபோது புரோமின் வெளியே தள்ளப்பட்டதற்குக் காரணமும் இந்த வரிசைதான்: எலக்ட்ரானைப் பற்றி இழுப்பதில் குளோரின் புரோமினைவிட வலியது. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். குளோரின் நுரையீரலைக் கெடுக்கும் நச்சு வாயு, அதைக் கழிவறை சுத்தம் செய்யும் பொருள்களிலிருந்து எழுப்பிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

கால்சியக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள உப்பளத்தைவிட நல்ல பாடசாலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. சிறு பாத்திகளில் உப்பு வாரும் தொழிலாளிகளும் இந்தக் கரையில் உண்டு. அவர்களிடம் நீரின் அடர்த்தியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், மிதவைக்கோலை விட்டு ‘டிகிரி’ பார்ப்பதைச் சொல்வார்கள். கடல் நீர் 3 டிகிரி அளவில் உள்ளே வருகிறது. வெயிலில் வற்ற வற்ற, முதலில் கால்சியம் கார்பனேட்டும், பின்னர் 13 டிகிரி அளவில் தொடங்கிக் கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும் என்பதால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். கால்சியம் சல்பேட் முன்னதாகவே படிந்துவிட, மெக்னீசியம் சல்பேட் மட்டும் கடைசிவரை நீரில் தங்குவது ஏன்? அந்தக் குடும்பத்தில் மேலிருந்து கீழே செல்லச் செல்ல, சல்பேட்டுகளின் கரைதிறன் குறைந்துகொண்டே போகிறது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் மெக்னீசியம் சல்பேட் 300 கிராமுக்கு மேல் கரையும், ஜிப்சம் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், ஸ்ட்ரான்சியம் சல்பேட் 0.13 கிராம் அளவிலும், பேரியம் சல்பேட் சில மில்லிகிராம் அளவிலும் நின்றுவிடும். கரையும் பேரியச் சேர்மங்கள் நஞ்சாக இருந்தும், வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் பேரியம் சல்பேட்டைக் குடிக்கக் கொடுப்பது இந்தக் கரையாமையை நம்பித்தான். உப்பளத் தொழிலாளி பாத்தி மாற்றும் நேரத்தையும் மருத்துவமனை எக்ஸ்ரே அறையையும் ஒரே ஒழுங்கு ஆளுகிறது என்பதை அறிந்த நாளில்தான் அட்டவணை எனக்கு உயிருள்ளதாகத் தோன்றியது.

இதே குடும்பம் கடலுக்குள்ளும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப் பூச்சிகள் கட்டும் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். அதில் கால்சியத்தின் இடங்கள் சிலவற்றில் ஸ்ட்ரான்சியம் சென்று அமர்ந்திருக்கும். ஒரே தொகுதியை, அதாவது அட்டவணையின் ஒரே பத்தியில் நிற்கும் குடும்பத்தைச் சேர்ந்த, மின்சுமை ஒத்த, அளவில் நெருங்கிய அயனி (மின்சுமை பெற்ற அணு) என்பதால்தான் அது சாத்தியமாகிறது. படிப்புக்காக என்றாலும் பவளத்தை ஒடிக்கவோ எடுத்துவரவோ கூடாது, அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பி ஒன்றை எடுத்து அதன்மேல் சில துளி வினிகரை விட்டால் எழும் நுரையே கார்பனேட்டைக் காட்டப் போதுமானது.

மூன்றாவது குடும்பத்துக்கு மண்டபம் பக்கம் போக வேண்டும். மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியைக் காயவைக்கும்போது அதன்மேல் வெண்மையாகப் பூக்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு மிகுதியாக உண்டு. கடலில் பொட்டாசியத்தைப்போல ஏறத்தாழ 27 மடங்கு சோடியம் இருக்கும்போது, பாசி அரிய பொட்டாசியத்தைத் தேடித் தேர்ந்து சேர்த்துக்கொள்கிறது. ஒரே தொகுதியின் தனிமங்கள் உறவினர்கள்தான், ஆனால் ஒருவருக்குப் பதில் மற்றவர் அல்லர். அயனியின் ஆரம் சோடியத்துக்கு 102 பிக்கோமீட்டர், பொட்டாசியத்துக்கு 138. அந்த வேறுபாட்டை உயிரணுக்கள் துல்லியமாக அறிகின்றன. தொகுதிகளைக் கற்பிக்கும்போது ஒற்றுமையை மட்டும் சொல்லி இந்த வேறுபாட்டை விட்டுவிடுவது மாணவர்களுக்குச் செய்யும் குறை என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி: அட்டைகளை அடுக்குதல்

ஹைட்ரஜன் அட்டையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றைக் கலைத்து, அணு நிறை ஏறும் வரிசையில் இடமிருந்து வலமாகத் தரையில் வையுங்கள். லித்தியம் தொடங்கி ஃபுளூரின் வரை ஏழு அட்டைகள் ஆனதும் எட்டாவதாகச் சோடியம் வரும். அது லித்தியத்தைப்போலவே கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம், நீரில் இட்டால் சீறும், இணைதிறன் 1. எனவே அதை லித்தியத்துக்குக் கீழே வைத்து இரண்டாம் வரிசையைத் தொடங்குங்கள். ச ரி க ம ப த நி என்று ஏழு சுரங்கள் பாடி முடிந்ததும் எட்டாவதாக மேல் ச வருவதுபோல, எட்டாவது தனிமத்தில் முதல் தனிமத்தின் குணம் திரும்பி வருகிறது. லண்டனைச் சேர்ந்த ஜான் நியூலாந்து 1865இல் இதையே எட்டின் விதி என்று பெயரிட்டார். 1866இல் அவர் அதை வேதியியல் கழகத்தில் படித்தபோது, தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அவரைப் புண்படுத்தியிருக்கும். ஆனால் நியூலாந்தின் வரிசையில் ஒரு குறையும் இருந்தது: கால்சியத்துக்குப் பிறகு சுரம் தப்பியது, இணங்காத தனிமங்களை அவர் ஒரே பத்தியில் நெருக்கி வைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிக்கலை இப்போது நீங்களே சந்திப்பீர்கள். மூன்றாம் வரிசையில் பொட்டாசியமும் கால்சியமும் தத்தம் இடத்தில் அழகாக அமரும். அடுத்த அட்டை ஆர்சனிக். வரிசைப்படி அதை அலுமினியத்துக்குக் கீழே வைக்கத் தோன்றும். ஆனால் அதன் உச்ச இணைதிறன் 5 என்று எழுதியிருக்கிறோம். பாஸ்பரஸைப்போலவே அதுவும் ஹைட்ரஜனோடு சேர்ந்து நச்சு வாயுவைத் தரும். ஆகவே அதற்கு உரிய இடம் பாஸ்பரஸுக்குக் கீழேதான். செலினியத்தைக் கந்தகத்துக்குக் கீழேயும் புரோமினைக் குளோரினுக்குக் கீழேயும் வையுங்கள். ரூபிடியம் அடுத்த வரிசையைத் தொடங்க, ஸ்ட்ரான்சியம், இண்டியம், வெள்ளீயம், ஆண்டிமனி என்று அவையும் இடம்பிடிக்கும். சீசியமும் பேரியமும் ஐந்தாம் வரிசையின் முதலிரண்டு இடங்களுக்கு உரியவை. முடித்த பிறகு எழுந்து நின்று முழுவதையும் பாருங்கள். அலுமினியத்துக்கும் சிலிக்கானுக்கும் நேர் கீழே இரண்டு வெற்றிடங்கள் இருக்கும்.

நான்காம் படி: வெற்றிடத்தை வாசித்தல்

அந்த வெற்றிடத்தைக் குறையாகக் கருதாமல் செய்தியாகக் கருதியவர் ரஷ்யாவின் திமித்ரி மெண்டலீவ். அக்காலத்தில் அறியப்பட்டிருந்த 63 தனிமங்களைக் கொண்டு அவர் உருவாக்கிய அட்டவணை 1869 மார்ச்சில் ரஷ்ய வேதியியல் கழகத்தில் முன்வைக்கப்பட்டது. ஜெர்மனியில் லோதர் மேயரும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்தகைய ஒழுங்கை எட்டியிருந்தார். எனினும் இல்லாத தனிமங்களுக்கு இடம் விட்டு, அவற்றின் நிறையையும் அடர்த்தியையும் முன்கூட்டியே எழுதிய துணிவு மெண்டலீவினுடையது. அவற்றுக்கு ‘ஏக அலுமினியம்’, ‘ஏக சிலிக்கான்’ என்று சமஸ்கிருத எண்ணுப்பெயரை முன்னொட்டாக வைத்தார். ஏகம் என்றால் ஒன்று என்பது நமக்கு விளக்க வேண்டியதில்லை: அலுமினியத்துக்கு ஒரு படி கீழே என்பது பொருள்.

நீங்களும் முன்கணித்துப் பாருங்கள். சிலிக்கானுக்கு 28.1, அதற்குக் கீழே வெற்றிடம், அதற்கும் கீழே வெள்ளீயம் 118.7. இரண்டின் சராசரி 73.4. பக்கவாட்டில் ஆர்சனிக் 74.9 இருப்பதால் விடை அதற்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். மெண்டலீவ் 72 என்று சொன்னார், அடர்த்தி 5.5 என்றும் சொன்னார். 1886இல் கிளமென்ஸ் விங்க்லர் கண்டறிந்த ஜெர்மானியத்தின் அணு நிறை 72.6, அடர்த்தி 5.3. அதைவிட வியப்பூட்டுவது ஏக அலுமினியம். 1875இல் பிரான்சின் லெகாக் து புவாபோத்ரான் காலியத்தைக் கண்டு, அதன் அடர்த்தி 4.7 என்று முதலில் அளந்தார். அது 5.9க்கு அருகில் இருக்க வேண்டும் என்றும் மாதிரியைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்க வேண்டும் என்றும் மெண்டலீவ் வலியுறுத்தினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே கிடைத்தது. தனிமத்தைக் கண்ணால் பாராதவர், அதைக் கையில் வைத்திருந்தவரின் அளவைத் திருத்தினார். காலியம் 29.8 டிகிரி செல்சியசில் உருகும் உலோகம், நம் ஊர் மே மாதத்து மதியத்தில் அது மேசைமேலேயே திரவமாகக் கிடக்கும்.

ஐந்தாம் படி: நிறையை விட்டு அணு எண்ணுக்கு

அட்டைகளை நிறைப்படி மட்டும் வைத்திருந்தால் அயோடின் முன்னும் டெலூரியம் பின்னும் வந்திருக்கும். அப்படி வைத்துப் பாருங்கள்: அயோடின் கந்தகத்தின் பத்தியிலும் டெலூரியம் குளோரினின் பத்தியிலும் சென்று விழும். அயோடின் புரோமினின் உறவு என்பதை உப்பளமும் பாசியும் ஏற்கெனவே சொல்லிவிட்டன. எனவே இரண்டையும் இடம் மாற்றுங்கள். மெண்டலீவும் மாற்றினார், டெலூரியத்தின் நிறையை அளந்ததில் பிழை இருக்க வேண்டும் என்று எண்ணினார். அளவில் பிழை இல்லை. அடுக்கும் அளவுகோலே வேறாக இருக்க வேண்டியிருந்தது. 1913இல் இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீரான படியில் ஏறுவதைக் கண்டார். அந்தப் படிதான் அணு எண், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. டெலூரியத்தின் அணுக்களில் நியூட்ரான் மிகுந்தவை அதிகம் என்பதாலேயே அதன் சராசரி நிறை கூடியிருக்கிறது. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போர்முனையில் தம் 27ஆம் வயதில் உயிரிழந்தார். தனிமங்களின் பண்புகள் அவற்றின் அணு எண்ணைப் பொறுத்து மீண்டும் மீண்டும் வருகின்றன என்று இன்று நாம் படிக்கும் நவீன ஆவர்த்தன விதி அவர் ஆய்வின்மேல் நிற்பது.

உங்கள் அட்டைகளில் இப்போது அணு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஃபுளூரின் 9, சோடியம் 11. இடையே 10 எங்கே என்ற கேள்வி தானாக எழும். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரிலிருந்து பியர் ஜான்சென் சூரியப் பிழம்பின் ஒளியை ஆராய்ந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லாக்கியர் அந்த ஒளியிலிருந்த மஞ்சள் கோடு ஒன்றைப் புதிய தனிமத்துக்கு உரியதாகக் கருதினார். அந்த ஹீலியத்தைப் பூமியில் 1895இல்தான் ராம்சே பிரித்தெடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ராலேயும் அவரும் காற்றில் ஆர்கானைக் கண்டிருந்தனர். நியான், கிரிப்டான், செனான் மூன்றும் 1898இல் வந்து சேர்ந்தன. நாம் தேடிய 10 நியான்தான். எதனோடும் எளிதில் சேராத இந்த மந்த வாயுக்களுக்கு அட்டவணையில் ஒரு புதிய பத்தியே தேவைப்பட்டது. ஏழு சுரக் கணக்கு அதோடு முடிந்துபோனது. ஹீலியம், நியான், ஆர்கான் ஆகியவற்றுக்கு மூன்று புதிய அட்டைகளை வெட்டி, ஹீலியத்தை முதல் வரிசையின் வலக்கோடியில் தனியாகவும் மற்றவற்றை ஃபுளூரின், குளோரினுக்கு அடுத்தும் வையுங்கள்.

கால்சியத்துக்கும் காலியத்துக்கும் இடையே ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்து இடைநிலைத் தனிமங்கள் இருக்கின்றன. இரும்புப் படகுகளின் அடியில் துருவைத் தடுக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டியும், அது காக்கும் இரும்பும் அந்த வரிசையில்தான் உள்ளன. அவற்றுக்காக இரண்டாம், மூன்றாம் பத்திகளைப் பிரித்து இடம் விட்டால், சுவரில் தொங்கும் 18 தொகுதிகளும் (பத்திகளும்) 7 தொடர்களும் (கிடை வரிசைகளும்) கொண்ட படம் கிடைக்கும். அடியில் தனியாக நிற்கும் லாந்தனைடு, ஆக்டினைடு வரிசைகளைப் புதியவர்கள் இப்போதைக்கு விட்டுவிடலாம். கடைசியாக 113, 115, 117, 118 ஆகிய எண்களுக்குரிய பெயர்கள் 2016இல் ஏற்கப்பட்டதோடு ஏழாம் தொடர் நிறைந்தது.

ஆறாம் படி: போக்குகளை அறிதல்

அட்டவணையில் இடம் மாற மாறப் பண்புகள் மாறும் போக்குகளைத் தனித்தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்வதே மாணவர்கள் படும் வீண் சிரமம். இரண்டு செய்திகளை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும். ஒரு தொகுதியில் கீழே இறங்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புதிய எலக்ட்ரான் கூடு சேர்வதால், வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து விலகிப் போகிறது, உள்கூடுகள் கருவின் ஈர்ப்பை மறைக்கவும் செய்கின்றன. ஒரு தொடரில் வலப்பக்கம் செல்லும்போது கூடு அதேதான், ஆனால் கருவில் புரோட்டான் ஒவ்வொன்றாகக் கூடுவதால் அது எலக்ட்ரான்களை மேலும் இறுக்கி இழுக்கிறது. கீழே போகப் பிடி தளரும், வலப்பக்கம் போகப் பிடி இறுகும். அட்டைகளின் ஓரத்தில் இந்த இரண்டையும் அம்புக்குறிகளாக வரைந்துவிடுங்கள்.

பிடி தளர்ந்தால் அணு பெரிதாகும், ஆகவே அணு ஆரம் கீழ்நோக்கிக் கூடும், வலப்பக்கம் குறையும். பிடி தளர்ந்தால் எலக்ட்ரானைப் பறிப்பது எளிது, ஆகவே அயனியாக்கும் ஆற்றல் கீழ்நோக்கிக் குறையும். ஒரு மோலுக்குக் கிலோஜூலில் அது லித்தியத்துக்கு 520, சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, ரூபிடியத்துக்கு 403, சீசியத்துக்கு 376. லித்தியம் நீரில் மெல்லச் சீற, சீசியம் வெடித்துச் சிதறுவதை இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள். பிறருடைய எலக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மையும் அதே பிடியின் இன்னொரு முகம்தான். பாலிங் அளவுகோலில் ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66. கசப்பு நீரில் குளோரின் புரோமினைத் தள்ளியது ஏன் என்பதற்கு இந்த எண்களிலும் விடை தெரியும்.

விதிவிலக்குகளைக் கண்டு அஞ்ச வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மெக்னீசியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 738, அதற்கு வலப்பக்கமுள்ள அலுமினியத்துக்கோ 578தான். மெக்னீசியத்தின் வெளிக்கூட்டில் துணைக்கூடு ஒன்று முழுமையாக நிரம்பியிருக்கிறது, அலுமினியத்தில் அடுத்த துணைக்கூட்டில் தனித்து நிற்கும் எலக்ட்ரான் எளிதில் கழன்றுவிடுகிறது. பாஸ்பரஸுக்கு 1012 இருக்கக் கந்தகத்துக்கு 1000 என்று சற்றே இறங்குவது, கந்தகத்தில் ஒரே இடத்தைப் பகிரும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால். எலக்ட்ரானை ஏற்கும்போது ஃபுளூரினைவிடக் குளோரின் அதிக ஆற்றலை வெளியிடுவதும் (328க்கு எதிராக 349) இப்படிப்பட்டதே: ஃபுளூரின் மிகச் சிறிய அணு, அங்கே புதிதாக வருவதற்கு நெரிசல் அதிகம்.

இனி கல்லுப்பை எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். சிறு சிறு கனசதுரங்கள் தெரியும். சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், எலக்ட்ரானை இழந்ததும் 102 ஆகச் சுருங்குகிறது. குளோரின் அணுவின் ஆரம் 99, எலக்ட்ரானைப் பெற்றதும் 181 ஆகப் பெருக்கிறது. பெரியதாக இருந்தது சிறியதாகவும் சிறியதாக இருந்தது பெரியதாகவும் மாறி, ஒவ்வொன்றையும் மற்றதில் ஆறு சூழ்ந்துகொள்ளும்படி அடுக்கிய அமைப்பே அந்தக் கனசதுரம். அட்டவணையின் இடக்கோடிக்கு அருகிலிருந்து ஒன்றும் வலக்கோடிக்கு அருகிலிருந்து ஒன்றும் வந்து சேர்ந்ததால் கிடைத்த உறுதி அது. பயிற்சிக்காக ஸ்ட்ரான்சியம் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கால்சியத்தையும் பேரியத்தையும் மட்டும் பார்த்து அதன் நிறை, இணைதிறன், சல்பேட்டின் கரைதிறன் மூன்றையும் ஊகித்து எழுதுங்கள். பிறகு திருப்பிச் சரிபாருங்கள். செலினியத்தையும் ரூபிடியத்தையும் இப்படியே செய்தால் போக்குகள் கைவசமாகிவிடும்.

ஒதுக்கி வைத்த ஹைட்ரஜன் அட்டை இன்னும் தரையில் கிடக்கிறது. அதற்கு ஒரே ஓர் எலக்ட்ரான்தான், எனவே லித்தியத்துக்கு மேலே வைக்கலாம். கூடு நிரம்ப இன்னும் ஒன்றே குறைவு, எனவே ஃபுளூரினுக்கு மேலேயும் வைக்கலாம். அதன் அயனியாக்கும் ஆற்றல் 1312, லித்தியத்தின் 520லிருந்து வெகு தொலைவு. அதன் கவர்தன்மை 2.20, ஃபுளூரினின் 3.98லிருந்தும் தொலைவு. பெரும்பாலான அட்டவணைகள் அதை முதல் தொகுதியின் உச்சியில் வைக்கின்றன. நீங்களும் லித்தியத்துக்கு மேலேயே வையுங்கள், ஆனால் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு வையுங்கள்.